லைன் ஃபாலோயர் ரோபோ: ஒவ்வொரு பாகமாகச் சோதித்துச் சேர்ப்பது எப்படி?

தரையில் வரைந்த கோட்டைச் சென்சாரால் பார்த்து அதன் வழியே ஓடுவதுதான் லைன் ஃபாலோயர் ரோபோ. அதைச் செய்யும்போது எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டுக் கடைசி நாளில் ஓட்டிப் பார்க்கும் மாணவர் குழுக்கள்தான் அதிகம். ஓடாது. வயரா, சென்சாரா, நிரலா என்று தேடியே ஒரு வாரம் போய்விடும். நாம் ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். கையில் இருப்பது ஆர்டுயினோ ஊனோ (ஆர்3) என்ற, நிரல் ஏற்றி இயக்கும் சிறு போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: போர்டின் எந்தப் பின்னில் (வயர் மாட்டும் இடம்) எது என்று ஒரு தாளில் எழுதி, குழு முழுக்க அதையே பாருங்கள். 0, 1 பின்களைத் தொடாதீர்கள். நிரல் ஏற்றுவதும், போர்டு அனுப்பும் எழுத்தைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரும் அவற்றின் வழியாகத்தான்.

படி 2: ஸ்டார்ட் பட்டனின் ஒரு காலைப் பின்னிலும் மறு காலை கிரவுண்டிலும் மாட்டி, பின்னை ‘இன்புட் புல்அப்’ (பட்டன் அமுக்காதபோது பின்னை 1-இல் பிடித்து வைக்கும் அமைப்பு) என்று அமையுங்கள். இல்லையென்றால் பின் மிதக்கும். பக்கத்தில் கை போனாலே மதிப்பு மாறும். இப்படி மாட்டினால் அமுக்கும்போது 0, விட்டால் 1. உள்ளே தகடு துள்ளுவதால் ஒரே அமுக்கு நாலைந்தாகப் பதிவாகலாம். 50 மில்லிசெகண்ட் விட்டு இன்னொரு முறை படித்து உறுதிசெய்யுங்கள்.

படி 3: மோட்டார். இங்கே அவசரமே வேண்டாம். ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது. சின்ன மோட்டார்கூடக் கிளம்பும்போது நூற்றுக்கணக்கில் கேட்கும். அதனால் எல்298என் போன்ற டிரைவர் (பின்னின் கட்டளைப்படி பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்குத் தரும் பலகை), மோட்டாருக்குத் தனி பேட்டரி. ஆனால் பேட்டரி, டிரைவர், போர்டு மூன்றின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்.

அப்புறம், நிரல் தொடங்கும்போது ஒரே முறை ஓடும் ‘செட்அப்’ பகுதியில் “தொடங்கியது” என்ற பொருளில் ஒரு வரி அச்சிடச் சொல்லிவிட்டு சீரியல் மானிட்டரைத் திறங்கள். திறந்ததும் ஒரு முறை வருவது இயல்பு. மோட்டார் சுழலத் தொடங்கும்போதெல்லாம் அந்த வரி திரும்ப வந்தால், போர்டு ரீசெட் ஆகிறது, அதாவது நிரல் முதலிலிருந்து தொடங்குகிறது. பெரும்பாலும் மின்னழுத்தம் சரிவதுதான் காரணம். அப்போது நிரலைத் திருத்திப் பயனில்லை. முதலில் பேட்டரியையும் வயரையும் பாருங்கள்.

படி 4: நிரலைக் காத்திருக்க வைக்கும் ‘டிலே’ ஓடும் நேரத்தில் நிரல் சென்சாரைப் படிக்காது, ரோபோ கோட்டைத் தாண்டிவிடும். அதற்குப் பதிலாக, நிரல் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று சொல்லும் ‘மில்லிஸ்’ தரும் இப்போதைய நேரத்திலிருந்து, முன்பு குறித்து வைத்த நேரத்தைக் கழித்துப் பாருங்கள். அந்த நேரத்தைப் பெரிய எண்களைத் தாங்கும் ‘அன்சைன்டு லாங்’ வகை மாறியில் வையுங்கள். ஊனோவில் ‘இன்ட்’ வகை மாறி 32,767 வரைதான் தாங்கும். 33 விநாடிக்குள் கணக்கு குழம்பிவிடும்.

படி 5: ஊனோவின் ரேம் (நிரல் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகம்) 2 கிலோபைட்தான். அச்சிடும் நீளமான வாசகங்களை ‘எஃப்’ மேக்ரோவுக்குள் போட்டால் அவை ரேமை நிரப்பாமல், நிரல் சேமிக்கப்படும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே இருக்கும்.

படி 6: ஆளுக்கொரு பகுதி எழுதியிருந்தால், ஒருவர் மட்டும் இணைக்கட்டும். அதற்கு முன் கடைசியாகச் சரியாக ஓடிய நிரலைத் தேதி போட்டுத் தனியாகச் சேமியுங்கள். ஒரு பகுதியைச் சேர்த்ததும் பட்டன், மோட்டார் சோதனைகளை மறுபடி ஓட்டிவிட்டு அடுத்ததைச் சேருங்கள்.