கப்பல் பயணத்தில் சிறப்பு உணவகத்துக்கு எந்த இரவைத் தேர்ந்தெடுப்பது?

சொகுசுக் கப்பலில் பயணக் கட்டணத்துக்குள் அடங்கிய பிரதான உணவுக்கூடமும் பஃபேயும் போக, தனியே பணம் கட்டிச் சாப்பிடும் உணவகங்களைச் சிறப்பு உணவகங்கள் என்கிறார்கள். கப்பல் நிறுவனவாரியாகப் பார்த்தால், ராயல் கரீபியனில் சாப்ஸ் கிரில், பிரின்சஸில் கிரவுன் கிரில், ஹாலந்து அமெரிக்காவில் பினக்கிள் கிரில், நார்வீஜியனில் கேக்னிஸ் ஆகியவை ஸ்டேக்ஹவுஸ் (தீயில் வாட்டிய இறைச்சித் துண்டுகளுக்கான உணவகம்) வகையில் பெயர் பெற்றவை. இத்தாலிய, ஜப்பானிய, பிரெஞ்சு உணவகங்களும் பல கப்பல்களில் உண்டு. ஸ்டேக்ஹவுஸில் இரவு உணவு என்றால் ஒருவருக்கு 50 டாலருக்கு மேல் ஆவது இன்று சாதாரணம். அதற்கு மேல் ராயல் கரீபியனில் 18 சதவீதமும் நார்வீஜியனில் 20 சதவீதமும் சேவைக் கட்டணமாகச் சேரும். இவ்வளவு செலவழிப்பவர்கள் எந்த உணவகம் என்பதைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள்; எந்த இரவு என்பதைப் பெரும்பாலும் முன்பதிவுத் திரையில் காலியாகத் தெரியும் முதல் தேதிக்கு விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. சிறப்பு உணவகத்துக்குப் போகும் இரவில், ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட ஒரு விருந்தையும் ஒருவேளை ஒரு நல்ல மேடை நிகழ்ச்சியையும் நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். எதை விட்டுக்கொடுத்தால் மனம் வருந்தாது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு பயணத்தை வைத்தே பார்க்கலாம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து கிளம்பி, இரண்டு நாள் கடலில் ஓடி, ஹோண்டுராஸின் ரோவட்டான் தீவு, மெக்சிகோவின் கோஸ்டா மாயா, கோசுமெல் ஆகிய மூன்று துறைமுகங்களில் அடுத்தடுத்த நாட்களில் நின்று, மறுபடியும் ஒரு நாள் கடலில் ஓடித் திரும்பும் ஏழு இரவுப் பயணம் மேற்குக் கரீபியனில் வழக்கமாக இருப்பது. இந்த ஏழு இரவுகளும் ஒரே மாதிரியானவை அல்ல.

முதல் இரவுக்கு ஒரு தனிச் சாதகம் உண்டு. ஏறிய அன்று பெரும்பாலோர் கப்பலைச் சுற்றிப் பார்ப்பதிலும் பெட்டிகள் அறைக்கு வருவதற்காகக் காத்திருப்பதிலும் இருப்பார்கள். ஆகவே சிறப்பு உணவகங்களில் கூட்டம் குறைவு, சலுகை அதிகம். கார்னிவல் கப்பல்களின் ஸ்டேக்ஹவுஸில் முதல் இரவு உண்பவர்களுக்கு ஒரு பாட்டில் ஒயின் இலவசமாகத் தந்து வந்தது நெடுநாளாக அறியப்பட்ட சலுகை. பிரதான உணவுக்கூடத்தின் முதல் இரவுப் பட்டியலும் பொதுவாக அவ்வளவு சிறப்பாக இருப்பதில்லை என்பதால் இழப்பும் பெரிதல்ல. ஆனால் அதிகாலை விமானத்தில் வந்து, வரிசைகளில் நின்று, பாதுகாப்புப் பயிற்சியையும் முடித்த உடம்போடு இரண்டு மணி நேர விருந்துக்கு உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முந்தைய நாளே துறைமுக நகருக்கு வந்து ஓய்வெடுத்தவர்களுக்கு மட்டுமே முதல் இரவு பொருந்தும். அவர்களும் அன்று மாலைக்கான உடையைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும், ஏனெனில் பெரிய பெட்டி இரவு எட்டு மணிக்குக்கூட வந்து சேரலாம்.

இரண்டாம் இரவு, அதாவது முதல் கடல் நாளின் மாலை, பல கப்பல்களில் முதல் ஃபார்மல் இரவாக அமைகிறது. கோட்டும் பட்டும் உடுத்திப் படம் எடுத்துக்கொள்ள விரும்புபவர்கள் அன்று பிரதான உணவுக்கூடத்தில் இருக்க வேண்டும். அந்தக் கூடம் முழுவதும் அலங்காரத்தோடு இருக்கும் காட்சி சிறப்பு உணவகத்தின் சிறிய அறையில் கிடைக்காது. உடை விஷயத்தில் நாட்டமில்லாதவர்கள் அன்றைக்குச் சிறப்பு உணவகத்துக்கு ஒதுங்குவதும் உண்டு, அதனால் அங்கே இடம் சீக்கிரம் நிரம்பும். குனார்ட் நிறுவனத்தின் கப்பல்களில் காலா இரவுகளின் (ஃபார்மல் இரவுக்கு அங்கே அந்தப் பெயர்) உடை விதி கப்பலின் பெரும்பகுதிக்கும் பொருந்தும் என்பதால், அங்கே உணவகத்தை மாற்றுவதால் மட்டும் கோட்டிலிருந்து தப்ப முடியாது.

எவ்விதத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாத இரவு ஒன்று உண்டு. ஏழு இரவுப் பயணங்களில் பல நிறுவனங்கள் இரண்டாவது ஃபார்மல் இரவில், பெரும்பாலும் ஐந்தாம் அல்லது ஆறாம் இரவில், பிரதான உணவுக்கூடத்தில் லாப்ஸ்டர் (சிங்கி இறால்) வால் பரிமாறுகின்றன. பயணக் கட்டணத்திலேயே அடங்கிய அந்த விருந்தை விட்டுவிட்டு, அதே இரவில் ஸ்டேக்ஹவுஸில் காசு கொடுத்து உட்காருவது கடலுணவு விரும்பிகளுக்குப் பெரிய நஷ்டம். எந்த இரவு என்பதை ஊகிக்கத் தேவையில்லை. ஏறிய அன்றே பிரதான உணவுக்கூடத்தின் தலைமைப் பரிமாறுநரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். சில நிறுவனங்களின் செயலியில் எல்லா இரவுகளின் பட்டியலும் முன்கூட்டியே இருக்கும். சைவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும்: லாப்ஸ்டர் இரவை அவர்கள் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். ஆனால் அவர்கள் ஸ்டேக்ஹவுஸைத் தவிர்த்து இத்தாலிய உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பல கப்பல்களின் பிரதான உணவுக்கூடத்தில் முதல் நாள் சொல்லி வைத்தால் மறுநாள் இந்தியச் சைவ உணவு தயாரித்துத் தருகிறார்கள் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அப்படிச் சமைத்துத் தரும் பரிமாறுநர் அமைந்துவிட்டால் சிறப்பு உணவகமே தேவையில்லை என்று தோன்றலாம்.

லாப்ஸ்டர் ஆறாம் இரவில் வருவதாக வைத்துக்கொண்டால், மீதமிருப்பவை மூன்றாம், நான்காம், ஐந்தாம், ஏழாம் இரவுகள். இங்கே வரைபடத்தையும் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றாத விஷயம். கப்பல் ஓர் இரவில் எவ்வளவு தூரம் ஓட வேண்டுமோ அதைப் பொறுத்தே அதன் வேகமும், வேகத்தைப் பொறுத்தே அதிர்வும் ஆட்டமும் அமைகின்றன; சிறப்பு உணவகங்களோ பல கப்பல்களில் மேல் தளங்களில் அல்லது பின்முனையில் இருக்கின்றன. மேல் தளத்தில் ஆட்டம் அதிகம் தெரியும், பின்முனையில் இயந்திர அதிர்வு அதிகம் தெரியும். கோசுமெலிலிருந்து கால்வெஸ்டன் ஏறத்தாழ 700 கடல் மைல். அதைக் கடக்க ஆறாம் இரவிலிருந்து கப்பல் வேகமாக ஓடியாக வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று மெக்சிகோ வளைகுடாவைக் கொந்தளிக்க வைக்கும் காலமும்கூட. மாறாக, கோஸ்டா மாயாவிலிருந்து கோசுமெலுக்கு 110 கடல் மைல் அளவுதான். ஐந்தாம் இரவு முழுவதும் கப்பல் மெக்சிகோவின் யுகடான் கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்தால் போதும். ரோவட்டானிலிருந்து கோஸ்டா மாயாவுக்கும் குறுகிய தூரம்தான் என்றாலும், ரோவட்டானில் பகல் முழுவதும் பவளப்பாறைகளிடையே நீந்திக் களைத்தவர்கள் நான்காம் இரவில் இனிப்பு வருவதற்குள் கண் அயர்ந்துவிடுவார்கள்.

ஆகவே இந்தப் பயணத்தில் ஒரே ஒரு முறைதான் சிறப்பு உணவகம் என்றால் நான் ஐந்தாம் இரவைத்தான் தேர்ந்தெடுப்பேன். லாப்ஸ்டர் அன்றைக்கு வந்தால் மூன்றாம் இரவு. மூன்றாம் இரவில் பகல் முழுவதும் ஓய்வு கிடைத்திருக்கும், பசியும் நிதானமும் இருக்கும். ஆனால் பலரும் அதையே விரும்புவதால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். கோஸ்டா மாயாவில் மதியம் மீன் டாக்கோக்களை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இரவு ஸ்டேக்ஹவுஸில் பாதியை மீதம் வைக்காதிருக்க, அன்றைய மதிய உணவை எளிமையாக முடித்துக்கொள்வது நல்லது.

கடைசி இரவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவு பத்து, பதினொரு மணிக்குள் பெட்டியை அறைக்கு வெளியே வைக்க வேண்டும், மறுநாள் அதிகாலையில் எழ வேண்டும், வாரம் முழுவதும் உங்களுக்குப் பரிமாறியவர்களிடம் விடைபெறவும் அன்றுதான் வாய்ப்பு. அன்று பிரதான உணவுக்கூடத்தில் இருப்பதே முறை.

இதே முறையை வேறு பயணங்களுக்கும் பொருத்தலாம், கேள்விகள் மட்டும் சற்று மாறும். டிஸ்னி கப்பல்களில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று பிரதான உணவகங்களில் மாறி மாறி உண்ணும்படி ஏற்பாடு உண்டு. நான்கு இரவுப் பயணத்தில் ஏதோ ஓர் உணவகம் இரண்டாம் முறை வரும். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமான பாலோ என்ற சிறப்பு உணவகத்துக்குப் போவதென்றால் அப்படித் திரும்ப வரும் இரவில் போக வேண்டும். குழந்தைகள் ஆவலோடு காத்திருக்கும், கடற்கொள்ளையர் வேடமிட்டுக் கொண்டாடும் இரவில் போகவே கூடாது. நார்வீஜியன் 2000-ஆம் ஆண்டு முதல் நிரந்தர மேசையும் கட்டாய ஃபார்மல் இரவும் இல்லாத முறையைக் கடைப்பிடிப்பதால் அங்கே கூட்டமும் மேடை நிகழ்ச்சியும் மட்டுமே கணக்கு. குயின் மேரி 2 கப்பலில் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு அட்லாண்டிக்கைக் கடக்கும்போது ஐந்து இரவுகளில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். நீண்ட விருந்துக்கு அதைவிட உகந்த இரவு கிடைக்காது, சாப்பிட்டு முடித்து வந்தாலும் தூக்கம் குறையாது.

எந்த இரவு என்று முடிவானதும் நேரத்தைப் பார்க்க வேண்டும். சிறப்பு உணவகத்தில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். சமையற்காரரே வந்து ஒவ்வொரு பதார்த்தத்தையும் விளக்கும் ஷெஃப்ஸ் டேபிள் விருந்துக்கு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். பெரிய மேடை நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரே மாலையில் இருமுறை நடக்கும். ஆறு மணிக்கு உட்கார்ந்தால் இரண்டாம் காட்சிக்கும், எட்டரைக்கு உட்கார்ந்தால் முதல் காட்சி முடிந்தும் வசதியாக இருக்கும். ஏழு, ஏழரை மணி இரண்டையும் கெடுக்கும். ஜன்னலோர மேசை கிடைத்தால் சூரியன் மறையும் நேரத்தைத் தினசரி நிகழ்ச்சி நிரலில் பார்த்து, அதற்கு அரை மணி நேரம் முன்பாக உட்காருங்கள்.

முன்பதிவைப் பயணத்துக்கு முன்பே இணையத்தில் செய்துவிடலாம், விலையும் பலமுறை குறைவாக இருக்கும். ஆனாலும் ஏறிய அன்று பிற்பகலில் உணவகத்துக்கு நேரில் செல்லுங்கள். வாசலில் சிறிய மேசை, அதன் மேல் இரவுவாரியாக மேசைகளின் அமைப்பைக் காட்டும் திரை, அருகே உணவக மேலாளர் இருப்பார். “இந்த வாரம் எந்த இரவு உங்களுக்குச் சாவகாசமாக இருக்கும்?” என்று கேட்டால் திரையை உங்கள் பக்கம் திருப்பியே காட்டுவார்கள். கூட்டம் குறைந்த இரவில் சமையலறை நிதானமாக வேலை செய்யும், பரிமாறுபவர் உங்களோடு பேச நேரம் இருக்கும், ஜன்னலோர மேசையும் அப்போதே ஒதுக்கப்படலாம். உணவு ஒவ்வாமை இருந்தால் அதையும் அங்கேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிரதான உணவுக்கூடத்தில் உங்களுக்கென்று நிரந்தர மேசை இருந்தால், நீங்கள் வராத இரவை அதற்கு முந்தைய இரவே பரிமாறுநரிடம் தெரிவித்துவிடுங்கள்; அப்போதுதான் மேசையில் உடன் உண்பவர்கள் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

ரத்து செய்வதற்கான காலக்கெடுவை முன்பதிவின்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், வராமல் விட்டவர்களிடம் கட்டணம் பிடிக்கும் கப்பல்கள் உண்டு. காற்றினாலோ அலையினாலோ கோஸ்டா மாயா போன்ற ஒரு துறைமுகத்தைக் கப்பல் தவிர்த்துவிட்டால் அந்த நாள் கடல் நாளாகிவிடும். அதோடு ஃபார்மல் இரவும் லாப்ஸ்டரும் மேடை நிகழ்ச்சியும் இடம் மாறக்கூடும். கப்பல் தலைவரின் அறிவிப்பைக் கேட்டதும் புதிய நிரலைப் பாருங்கள். உங்கள் இரவு எதனோடாவது மோதினால் மதியத்துக்குள் உணவகத்துக்குச் சென்று வேறு இரவுக்கு மாற்றித் தரக் கேளுங்கள். காரணம் கப்பலின் மாற்றமாக இருக்கும்போது, இடம் இருந்தால் பொதுவாக மறுக்க மாட்டார்கள்.