பால்நிலைப் பன்மைத்துவம் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழப்பம் பெரும்பாலும் கரும்பலகையில் எழுதும் முதற் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. இலங்கைத் தமிழில் ‘பால்நிலை’ (gender) என்று எழுதுவதைத் தமிழ்நாட்டுக் கட்டுரைகள் ‘பாலினம்’ என்கின்றன. இலங்கையில் பலர் ‘பாலினம்’ என்பதை உடற்பாலுக்குப் (sex) பயன்படுத்துகிறார்கள். இரண்டையும் இணையத்தில் வாசித்துவிட்டு வரும் திருகோணமலை மாணவர் ஒரே விடைத்தாளில் இரு பொருளிலும் எழுதிவைப்பார். ஆகவே முதற் பத்து நிமிடத்தில் நான்கு நிரல்களை வரைந்துவிடுங்கள்: உடற்பால் (உடலமைப்பு), பால்நிலை அடையாளம் (தம்மை யாராக உணர்கிறார்), பால்நிலை வெளிப்பாடு (உடை, நடையில் காட்டுவது), பாலீர்ப்பு (யார்மீது ஈர்ப்பு). ஊடுபால், அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான பகுப்புக்குள் அடங்காத உடலமைப்பு, முதல் நிரலில் வரும். திருநங்கை, திருநம்பி (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்) ஆகிய திருநர் இரண்டாவதில். ஒரு திருநம்பி யாரை விரும்புகிறார் என்பது நான்காவது நிரலின் கேள்வி. இரண்டாவதைப் பார்த்து அதை ஊகிக்க முடியாது. எல்லோரையும் ‘மூன்றாம் பால்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டால் இந்த வேறுபாடு முழுதும் தொலைந்துவிடும்.

அடுத்தது சட்டம். தன்பாலுறவு குற்றமல்ல என்று 2018 செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தமிழகத் தொலைக்காட்சியில் பார்த்த மாணவர்கள் அது இங்கும் செல்லும் என்று நினைக்கிறார்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. தன்பாலுறவைக் குற்றமாக்கும் அதன் 365அ பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்திருந்தது. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2023 மே மாதம் எமது உயர் நீதிமன்றம், இதை நீக்கக் கோரிய சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்றது. சட்டமூலத்துக்குத் தடையில்லை என்பது வேறு, சட்டம் நீங்கியது என்பது வேறு. பரீட்சையில் மாணவர்கள் அதிகம் பிழைவிடும் இடம் இதுதான்.

சித்த மருத்துவம் படிப்போருக்கு ஆண்டுகளைத் தெளிவாகச் சொல்லுங்கள். உலக சுகாதார அமைப்பு 1990இல் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் திருநர் நிலை உளநோய் அத்தியாயத்தில் இல்லை. ‘குணப்படுத்தலாமா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும்; பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

“கேள்வி இருப்பவர்கள் கையை உயர்த்துங்கள்” என்று கேட்கவே வேண்டாம். கேள்விகளை எழுதி வாங்கினாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். மாலைக்குள் விடுதி முழுக்கப் பேச்சாகிவிடும். முந்தைய வகுப்பின் முடிவில் ஒரே அளவுத் துண்டுக் காகிதத்தை எல்லோருக்கும் கொடுங்கள். கேள்வி இல்லாதவரும் ‘கேள்வி இல்லை’ என்று எழுதி மடித்துப் போட வேண்டும். அவற்றை நீங்களே தட்டச்சுச் செய்து வாசித்த பின் துண்டுகளைக் கிழித்துவிடுங்கள். ‘ஆதரவா, எதிர்ப்பா’ பட்டிமன்றம் வேண்டாம். வகுப்பிலிருக்கும் ஒருவர் தம் இருப்பே விவாதப் பொருளாவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடும். சொந்த அனுபவத்தை எழுதினால் புள்ளி என்ற ஒப்படையும் அப்படித்தான்.

திருநர் ஒருவரை விருந்தினராக அழைத்தால் பயணச் செலவோடு உரைக்கான கொடுப்பனவையும் கொடுங்கள். மாணவர் கேள்விகளை முன்கூட்டியே அவருக்கு அனுப்பிவிடுங்கள். சத்திரசிகிச்சை பற்றிய கேள்விகளை அவர் சம்மதித்தால் மட்டும் வகுப்புக்கு விடலாம்.

வகுப்பு முடிந்த பின் ஒரு மாணவர் தனியே வந்து தம்மைப் பற்றிச் சொன்னால், பதற்றத்தில் விடுதிப் பொறுப்பாளருக்கோ வீட்டுக்கோ அறிவித்துவிடாதீர்கள். யாருக்குச் சொல்லலாம், யாருக்குக் கூடாது என்று அவரிடமே முதலில் கேளுங்கள்.