தொண்டையில் கசந்த கண் சொட்டு மருந்து

இடது கண்ணில் கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் கூடி பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய். காலை, இரவு டார்சோலமைடும் டிமோலாலும் கலந்த சொட்டு; இரவு அதோடு லட்டானோபுரோஸ்ட். ஆறு வாரம் ஒரு வேளைகூட விடவில்லை. ஆனாலும் கண் அழுத்தம் 26-லிருந்து 24-க்குத்தான் வந்தது (10 முதல் 21 வரை இயல்பு). பகலெல்லாம் அசதி வேறு.

முதலில் பாட்டில் மேல் சந்தேகம். புதிது வாங்கியும் பலனில்லை. பிறகு ஒரு சொட்டுக்கு இரண்டாகப் போட்டேன். இது தப்பு. கண்ணில் ஒரு சொட்டே முழுசாகத் தங்காது. மிச்சம் கன்னத்தில் வழிந்தது, கண் சிவந்ததுதான் மிச்சம்.

அடுத்து லேசர் என்றார் டாக்டர். அதற்கு முன் தன் எதிரிலேயே மருந்தைப் போடச் சொன்னார். போட்டேன், படபடவென்று இமைத்தேன். “தொண்டையில் கசக்குதா?” என்றார். தினமும் கசக்கும், சொல்ல வேண்டிய விஷயமாகவே நான் நினைத்ததில்லை.

இமைக்க இமைக்க மருந்து கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கிவிடுகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும் டிமோலால் நாடித்துடிப்பைக் குறைக்கும். அசதிக்குக் காரணம் அதுதான்.

இப்போது கீழிமையை இழுத்து ஒரே சொட்டு. இறுக்காமல் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை, கண்விழி மேல் படாமல், விரல் நுனியால் 2 நிமிடம் அழுத்துகிறேன். அடுத்த மருந்து 5 நிமிடம் கழித்துத்தான். முன்பு இரவில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, முதலாவதை நானே கழுவிவிட்டிருக்கிறேன்.

கசப்பு அன்றே நின்றது. ஒரு மாதத்தில் அழுத்தம் 17. இழந்த பக்கப் பார்வை திரும்பாது, லேசர் மட்டும் தள்ளிப்போயிருக்கிறது.