நாம் மதித்த ஒருவர் மீது பாலியல் புகார் எழும்போது

நாம் பல ஆண்டுகளாக மதித்து வந்த ஒருவர் மீது பாலியல் புகார் எழுந்திருக்கிறது என்ற செய்தியைப் படித்தவுடன், "இருக்கவே இருக்காது" என்பதுதான் பெரும்பாலும் நம் வாயில் முதலில் வருகிறது. அந்தச் சொல்லை ஒரு நாளாவது வெளியே விடாமல் வைத்திருப்பதே நாம் செய்ய வேண்டிய முதல் வேலை. அந்த நேரத்தில் புகாரைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. மனம் வலிக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்த வலியைப் புகார் சொன்னவர் மீது இறக்கி வைக்கும் உரிமை நமக்கு இல்லை.

இதை நான் ரவி ஜக்கரியாஸ் விவகாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். 1946-இல் சென்னையில் பிறந்து, 20 வயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த அவர், கிறிஸ்தவ நம்பிக்கையை அறிவின் வழியில் எடுத்துரைக்கும் பேச்சாளராக உலகமெங்கும் அறியப்பட்டார். 1984-இல் தொடங்கித் தம் பெயரிலேயே ஓர் ஊழிய நிறுவனத்தையும் நடத்தினார். நம் ஊர்க்காரர் ஒருவர் பெரிய பல்கலைக்கழக மேடைகளில் நின்று பேசுகிறார் என்ற பெருமிதம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் இருந்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது. 2017-இல் கனடாவைச் சேர்ந்த பெண் ஒருவர் அவர் மீது குற்றம் சாட்டியபோது, அந்தப் பெண்ணும் கணவரும் பணம் பறிக்க முயல்கிறார்கள் என்று சொல்லி ஜக்கரியாஸ் வழக்குத் தொடுத்தார். வெளியே எதுவும் பேசக் கூடாது என்ற உடன்பாட்டோடு அவ்வழக்கு அந்த ஆண்டிலேயே முடிந்தது. பேச முடியாமல் போன அந்தப் பெண்ணின் மௌனத்தை நான் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். சபை நண்பர்களிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

2020 மே மாதம் அவர் காலமானார். சில மாதங்களில், அட்லாண்டா பகுதியில் அவர் பங்குதாரராக இருந்த மசாஜ் நிலையங்களில் வேலை செய்த பெண்கள் பேசத் தொடங்கினார்கள். தங்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த மனிதருக்கு இது பொருந்தவே இல்லை என்பதுதான் அவருடைய ஊழிய நிறுவனம் முதலில் சொன்ன பதில். பின்னர் அதே நிறுவனம் அமர்த்திய சட்ட நிறுவனம் விசாரித்து 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. அவருக்கு மசாஜ் செய்த பெண்களில் ஐந்து பேர், அவர் தங்களை முறைகேடாகத் தொட்டதாகவும், ஒருவர் வன்புணர்வு நடந்ததாகவும் சொல்லியிருந்தார்கள். அவருடைய கைப்பேசிகளில் 200-க்கும் மேற்பட்ட மசாஜ் பணியாளர்களின் தொடர்பு எண்கள் இருந்தன. 2017-இல் பேசிய பெண் சொன்னது உண்மை என்று நம்புவதாக நிறுவனத்தின் நிர்வாகக் குழு எழுதி, மன்னிப்பும் கேட்டது. ஒருவர் இறந்த பிறகு எழும் புகாருக்கு அவரால் பதில் சொல்ல முடியாது என்பது நியாயமான கவலையே. ஆனால் இங்கே அவர் விட்டுச் சென்ற கைப்பேசிகளே சாட்சியாக நின்றன.

ஆகவே "எனக்குத் தெரிந்த அவர் அப்படிப்பட்டவர் அல்லர்" என்று சொல்லத் தோன்றும்போது, எனக்குத் தெரிந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். மேடையில் ஒரு மணி நேரம், ஒளிப்பதிவில் சில நூறு மணி நேரம், ஒருவேளை கை குலுக்கிய ஒரு நிமிடம். பூட்டிய அறைக்குள் தன்னைவிட வலிமை குறைந்த ஒருவரிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு இவற்றில் எதுவும் சான்றாகாது. கூடவே உழைத்தவர்களுக்கே தெரியாமல் இருந்ததைத் தொலைவில் இருந்த ரசிகர் அறிந்திருக்க வழியில்லை.

அடுத்து, செய்தியை முழுவதுமாகப் படிக்க வேண்டும். புகார் சொல்பவர் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறாரா, கேள்விப்பட்டதைச் சொல்கிறாரா. ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே மாதிரியான நடத்தையை விவரிக்கிறார்களா. குறுஞ்செய்தியோ, அந்தக் காலத்திலேயே யாரிடமாவது சொன்னதற்கான தடயமோ இருக்கிறதா. குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் என்ன. விசாரிப்பவர் யார், அறிக்கை வெளியிடப்படுமா என்பனவற்றைப் பார்க்க வேண்டும். "இத்தனை ஆண்டுகள் ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வியை மட்டும் ஆதாரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. வேலை போகும், வழக்கு வரும், யாரும் நம்பமாட்டார்கள் என்ற அச்சங்கள் போதுமானவை. தம் மீதான புகாரை மறுத்த முன்னாள் மத்திய இணை அமைச்சர் எம். ஜே. அக்பர், அந்தப் புகாரைச் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது தொடுத்த அவதூறு வழக்கில், 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. ஒரு பெண் தன் குறையைப் பல பத்தாண்டுகள் கழித்தும், தான் தேர்ந்தெடுக்கும் எந்த மேடையிலும் சொல்லலாம் என்றும் கூறியது.

விசாரணை முடியும் முன் ஒருவரைக் குற்றவாளி என்று அறிவிப்பதும் தவறுதான். "புகார் கடுமையானது, முறையாக விசாரிக்கப்பட வேண்டும், அதுவரை அந்தப் பெண்ணை யாரும் இழிவாகப் பேச வேண்டாம்" என்று சொன்னால் இரு தரப்புக்கும் அநீதி இல்லை. சபைகளில் இதற்கு எதிராக வரும் வழக்கமான பதில், கடவுளின் பணிக்கென்று அபிஷேகம் பண்ணப்பட்டவரைப் பற்றித் தவறாகப் பேசாதே என்பது. அந்தச் சொல் எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறது என்று எண்ணும்போது எனக்கு மனம் பதறுகிறது.

சாப்பாட்டு நேரத்திலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் நாம் சொல்வதை, நாம் நினைக்காத ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சித்தி மகளோ, மருமகளோ, சொந்த மகனோ, தனக்கு நேர்ந்ததை நம்மிடம் சொல்லலாமா என்று அந்தப் பேச்சைக் கொண்டுதான் முடிவு செய்வார்கள். "அவளுக்கு விளம்பரம் வேண்டும்" என்று நாம் ஒரு பிரபலத்துக்காகச் சொன்னது அவருடைய காதுக்கு எட்டப்போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டிவிடும். பாதிக்கப்பட்டவர் என்று சொல்லப்படுபவரின் படத்தையோ பெயரையோ தேடிப் பகிர்வது இன்னும் மோசம். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் அந்த அடையாளத்தை வெளியிடுவது இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

அப்படி ஒருவர் நம்மிடம் வந்து பேசினால், குறுக்கே கேள்வி கேட்காமல் கேட்டு முடித்து, "நீ சொன்னது நல்லது" என்று சொல்லி, அவர் என்ன செய்ய விரும்புகிறார் என்று கேட்க வேண்டும். பணியிடத்தில் நடந்தது என்றால், இத்தகைய புகார்களை விசாரிக்க அங்கே உள்ள உள்ளகக் குழுவிடம் பொதுவாக மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பதை நினைவூட்டலாம். பெண்களுக்கான உதவி எண் 181. பாதிக்கப்பட்டது 18 வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் தெரிவிப்பது நம் விருப்பத்தைப் பொறுத்தது அன்று. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதைக் கடமையாக்குகிறது. 1098 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

இனி ஜக்கரியாஸின் பேச்சுகளையும் புத்தகங்களையும் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். அவற்றால் முன்பு கிடைத்த ஆறுதல் பொய்யாகிவிடாது. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நான் அவருடைய பிரசங்கங்களை வாலிபர் கூட்டத்தில் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டேன். 2017-இல் யாரிடமெல்லாம் அந்தப் பெண்ணைத் தவறாகப் பேசினேனோ, அவர்களில் நினைவிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, நான் சொன்னது தவறு என்று சொன்னேன். இருவர் பேச்சை மாற்றினார்கள். மூன்றாமவர் நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, தன் தங்கைக்கு நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினார்.