பரோயே கல்வி முன்னோடி சூசன்னா ஹெலினா பாட்டுர்சனின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

வட அட்லாண்டிக்கில் டென்மார்க்குக்கு உட்பட்ட பரோயே தீவுகளைச் சேர்ந்த சூசன்னா (1864–1916) பாடம் நடத்தியது இதழ் வழியாகவும் சமையல் நூல் வழியாகவும். இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவரைக் கல்வியாளர் என்பது ஏன் என்று வாசகருக்கு விளங்காது.

எழுத உட்காரும் முன் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர் வாழ்க்கை: 1889-இல் பரோயே மொழியின் முதல் நாடகம் 'வேவுர்ஃபெஸ்ட்', 1905 முதல் 1908 வரை பெண்களுக்கான 'ஓஜ்ஜர்னார்' இதழ், 1909-இல் சமையல் நூல். வலப்பக்கம் மொழியின் வாழ்க்கை: 1846-இல் மொழியறிஞர் ஹாமர்ஷைம்ப் வகுத்த எழுத்துமுறை, தாய்மொழியைக் காக்க 1888 டிசம்பர் 26 அன்று தலைநகர் தோர்ஸ்ஹாவ்னில் கூடிய கூட்டம், பள்ளியில் டேனிய மொழிக்குச் சமமான இடம் கிடைத்த 1938. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளியில் அந்தச் சம உரிமை வருவதற்கு 29 ஆண்டுகள் முன்பே, அடுப்படியில் நிற்கும் பெண் தன் மொழியில் படித்துச் சமைக்க ஒரு நூல் வந்துவிட்டது. கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பலரும் 'முதல் பெண்ணியவாதி' என்று ஒரு வரி எழுதிவிட்டு, சமையல் நூலைக் கடைசியில் ஒட்டவைக்கிறார்கள். அது பெரிய இழப்பு.

அதிகம் தவறுவது பெயர்களில். அவர் பிறந்த ஊரை (Kirkjubøur) எழுத்தைப் பார்த்துக் 'கிர்க்யுபோர்' என்று எழுதிவிடுவார்கள். உச்சரிப்போ ஏறத்தாழ 'சிர்ச்சுபோவுர்'. ஹாமர்ஷைம்ப், பரோயே மொழியின் தாயான பழைய நோர்ஸ் சொற்களின் வேரைப் பார்த்து எழுத்துகளை அமைத்தார். அதனால் எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் நிற்கும். குறுக்குக் கோடு போட்ட 'd' போன்ற எழுத்தைத் (ð) 'த' என்று ஒலிக்காதீர்கள். பெரும்பாலும் அது ஒலிப்பதே இல்லை, அல்லது 'வ', 'ய' ஆகிவிடும். பதிவு செய்த உச்சரிப்பைக் கேட்ட பிறகே தமிழில் எழுதுங்கள்.

பழைய டேனிய ஆவணங்களில் அதே ஊர் 'கிர்க்கெபோ'. அவற்றில் தோர்ஸ்ஹாவ்ன் பெயரிலும் 'T'-க்கு அடுத்து ஒரு 'h' இருக்கும். இரு வடிவங்களிலும் தேடாவிட்டால் பாதித் தகவல் கைக்கு வராது.

'பாட்டுர்சன்' என்பதில் 'மகன்' என்ற பொருள் இருக்கிறதே என்று பெண்பாலுக்கு மாற்றிவிடாதீர்கள். அது நிலைத்துப்போன குடும்பப் பெயர். தம்பி யோஆன்னஸ் பாட்டுர்சனுக்கும் அதே பெயர்தான். அரசியல் தலைவரான அவரைப் பற்றி இரண்டு வரி போதும். மிஞ்சினால் கட்டுரை அவருடையதாகிவிடும்.