மகனை ரிட்டர்னில் சேர்த்த கதை

2025 பிப்ரவரியில் ஆன்லைனில் அனுப்பிய எங்கள் அமெரிக்க வருமான வரி ரிட்டர்ன் அன்றே திரும்பி வந்துவிட்டது. மகனின் சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) ஏற்கெனவே வேறொரு ரிட்டர்னில் இருக்கிறதாம். யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறினால், திருடன் நம்ம வீட்டுப் பிள்ளைதான். கோடையில் காபிக் கடையில் வேலை பார்த்தபோது பிடித்த வரியைத் திரும்ப வாங்க, ஹாஸ்டல் கட்டிலில் படுத்தபடியே போனில் ஃபைல் செய்திருக்கிறான். 'வேறொருவர் தன் ரிட்டர்னில் என்னைத் தன்னைச் சார்ந்தவராகக் காட்டலாம்' என்ற கட்டத்தில் டிக் போடவில்லை.

"நான்தான் சம்பாதிச்சேனே அப்பா!"

சம்பாதித்தால் என்ன? ஆண்டு முடிவில் 24 வயது ஆகாமல், 5 மாதமாவது முழுநேரம் படித்து, தன் செலவில் பாதிக்கு மேல் தானே பார்க்காதவன், பெற்றோரைச் சார்ந்தவனாக நம் கணக்கில்தான். ஹாஸ்டல் நாட்களும் வீட்டில் இருந்ததாகவே கணக்கு.

அவன் திருத்தப் படிவமான 1040-எக்ஸ் போட்டுத் திருத்தினான். சம்பளம் குறைவு என்பதால் ரீஃபண்டில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. நான் வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் ஐபி பின் என்ற அடையாளப் பாதுகாப்பு எண்ணை எடுத்து மறுபடி அனுப்பினேன். அது இருந்தால் இந்தச் சிக்கலிலும் ஆன்லைனிலேயே ஏற்கிறார்கள். 2024 வரை காகிதத்தில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அப்புறம், கல்லூரி தந்த கட்டணச் சான்றான 1098-டி-யைப் பார்த்து, கல்விச் சலுகைக்கான 8863 படிவத்தையும் சேர்த்தேன். அந்தச் சலுகை மட்டும் 2,500 டாலர்.