நட்சத்திர ஓட்டலில் விருந்துண்ணப் போகுமுன்

மேசையை முன்பதிவு செய்யும்போதே, பட்டியலைப் பார்த்து நாமே தேர்ந்தெடுக்கும் உணவா, சமையற்கலைஞர் வகுத்த பல சுற்று விருந்தா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னதில், அகன்ற தட்டின் நடுவே இரண்டு வாய்க்குக்கூடக் காணாத மீன் துண்டும் அதன்மேல் ஒரு கரண்டிச் சாறும்தான் வரும்; அதைக் கண்டு திகைத்து ரொட்டியால் வயிற்றை நிரப்பிக்கொண்டால், கடைசிச் சுற்றுகளின் நல்ல பண்டங்களைத் தொடக்கூட முடியாது. நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். தண்ணீர் கேட்டால் விலை கூடிய பாட்டில் நீர் வரக்கூடும் என்பதால், சாதாரணக் குடிநீர் வேண்டுமென்று தெளிவாகச் சொல்லுங்கள். பட்டியல் விலையோடு கணக்கு முடிவதில்லை: அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களில் உணவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். ஆனால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, சேவைக் கட்டணத்தை அவர்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. சேர்த்திருந்தால், கௌரவம் பாராமல் நீக்கச் சொல்லுங்கள்.